முதலில் ஆற்றை அளந்து வையுங்கள்: சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் சுரங்கத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகச் செயலர் அவர்களுக்கும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

சாம்பியாவில் செம்பும் கோபால்ட்டும் தேடுவதற்கு இந்தியாவுக்கு 9,000 சதுர கிலோமீட்டர் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி 2025-இல் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு. அதே ஆண்டு ஜனவரியில்தான் தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கு 16,300 கோடி ரூபாய் ஒதுக்கி அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் இன்னும் 18,000 கோடி போடும் என்றும் அறிவித்தீர்கள். வெளிநாடுகளில் சுரங்கம் வாங்குவதும் அந்த இயக்கத்தின் வேலைகளில் ஒன்று. நிலத்தின் பரப்பும் பணத்தின் அளவும் எல்லாச் செய்திகளிலும் முதல் வரியிலேயே இருந்தன. அந்த நிலத்தில் ஓடுகிற ஆறு கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று ஒரு வரியாவது இருக்குமா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

சாம்பியாவின் காப்பர்பெல்ட் மாகாணத்தில் பல ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்தினேன். அந்த மண்ணில் வெளிநாட்டு முதலீடு என்ன கொடுத்தது, என்ன எடுத்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதைச் சும்மா படித்துவிட்டு நகர முடியவில்லை.

முதலீடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நூறு ஆண்டுகளாக அந்த மாகாணம் செம்பை நம்பித்தான் பிழைக்கிறது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் செம்பிலிருந்து வருகிறது. சுரங்கம் மூடினால் என் மாணவர்களின் வீட்டில் அடுப்பு எரியாது, அதுவும் எனக்குத் தெரியும். மின்கம்பிக்கும் சூரியத் தகட்டுக்கும் மின்சார வண்டிக்கும் உலகத்துக்குச் செம்பு வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. அந்தச் செம்புக்காகக் கெடுகிற தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது என்பது மட்டும்தான் என் கேள்வி. இதுவரை அந்தப் பணத்தை ஆற்றங்கரைக்காரர்கள்தான் கட்டியிருக்கிறார்கள்.

2025 பிப்ரவரி 18 அன்று காப்பர்பெல்ட்டின் சாம்பிஷியில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சீன அரசு நிறுவனக் குழுமம் ஒன்றின் துணை நிறுவனமான சைனோ மெட்டல்ஸ் லீச் சாம்பியாவின் கழிவு அணை உடைந்தது. அமிலமும் கன உலோகங்களும் கலந்த கழிவு, முதலில் வெளிவந்த கணக்குப்படியே ஐந்து கோடி லிட்டர், ஓடை வழியாக முவம்பாஷி ஆற்றில் இறங்கி, அங்கிருந்து கஃபுவே ஆற்றுக்குப் போனது. ஆற்றில் நூறு கிலோமீட்டர் தள்ளியும் செத்த மீன்கள் ஒதுங்கின. ஏழு லட்சம் பேர் வசிக்கும் கிட்வே நகருக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. அமிலத்தை முறிக்க விமானப்படை விமானங்களில் இருந்து ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட் மாதம் அமெரிக்கத் தூதரகம் தன் ஊழியர்களை அந்தப் பகுதியை விட்டு வெளியேறச் சொன்னது. தூதரக ஊழியர்களுக்குப் போக இடம் இருந்தது. கஃபுவே 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆறு. சாம்பியாவின் இரண்டு கோடி மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதன் படுகையில்தான் வாழ்கிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள்?

அந்த அணை உடைந்த செய்தியும் நமக்கு 9,000 சதுர கிலோமீட்டர் கிடைத்த செய்தியும் ஒரே ஆண்டில் வந்தவை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியது உங்கள் அமைச்சகத்தின் கடமை.

இதைச் சீனா செய்கிற வேலை, நாம் அப்படிச் செய்ய மாட்டோம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இந்தியர்களின் கணக்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. 2004-இல் வேதாந்தா நிறுவனம் கொங்கோலா காப்பர் மைன்ஸ் என்ற சாம்பியச் செம்புச் சுரங்க நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. 2006 நவம்பரில் சிங்கோலாவில் அந்தச் சுரங்கத்தின் கழிவு கஃபுவே ஆற்றில் கலந்து, ஊருக்குக் குடிநீர் நின்றது. ஊர்க்காரர்கள் சுமார் 2,000 பேர் லுசாகா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-இல் நீதிபதி பிலிப் முசோண்டா அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புக் கொடுத்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம், நிறுவனம் பொறுப்புத்தான் என்று உறுதி செய்தது. ஆனால் இழப்பீடு மருத்துவச் சான்று காட்டிய 12 பேருக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது.

2,000 பேரில் 12 பேர். இந்த எண்ணை நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. குடித்த அன்றைக்கு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் எடுத்துச் சான்று வாங்கி வைக்க அவர்களுக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்று என் வகுப்பறையிலேயே பார்த்தேன். எங்கள் பள்ளி இருந்த ஊரின் பெயரையும் பக்கத்தில் இருந்த ஆலையின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அமிலம், காரம் பாடம் நடத்தும்போது வீட்டில் புழங்கும் தண்ணீரை ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் என்று எல்லாம் மேசையில் வரிசையாக நின்றன. நிறம் காட்டும் தாளை ஒவ்வொன்றாக நனைத்தோம். பெரும்பாலும் மஞ்சளும் பச்சையுமாக வந்தது. ஒரு பாட்டிலில் மட்டும் தாள் தொட்ட உடனே சிவந்தது. தண்ணீரின் அடியில் நீலப்பச்சையாக மெல்லிய படிவு. அதைக் கொண்டுவந்த பெண்ணின் அம்மா அந்த ஓடைக்கரையில்தான் கீரையும் பூசணியும் போட்டிருந்தார். பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டு இஃபிசாஷி என்று சமைப்பார்கள். எங்கள் பள்ளி மதிய உணவிலும் அது உண்டு. அந்தக் கீரை சந்தைக்குப் போகும், சந்தையில் இருந்து ஊர் முழுக்கப் போகும். அம்மாவிடம் போய் என்ன சொல்லட்டும் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

அந்த நிறத்தாளையும் இன்னொரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆலை வருவதற்கு முன்னால் இந்த ஓடை எப்படி இருந்தது, பழைய அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. யாரிடமும் இல்லை. இந்தப் பகுதிப் பாறையிலேயே செம்பு இருக்கிறது, ஓடை எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஆலைத் தரப்பு சொன்னால் அதை மறுக்க ஊரில் ஒருவரிடமும் ஒரு காகிதம் கிடையாது. ஓடை நன்றாக இருந்தது என்பது பாட்டிகளின் நினைவில் மட்டும் இருந்தது. நினைவை எந்த நீதிமன்றமும் ஆய்வக அறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

தண்ணீராவது கண்ணுக்குத் தெரிகிறது. காற்றில் கந்தக நெடி வந்தால் பிள்ளைகள் "சென்டா" (அந்த நெடிக்கு ஊரில் அதுதான் பெயர்) என்று முணுமுணுத்துக்கொண்டு ஸ்வெட்டரை இழுத்து மூக்கை மூடுவார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கும் தொண்டை கரகரக்கும். சன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடருவோம். புதுத் தகரக் கூரை சில வருடத்தில் ஓட்டை விழுந்துவிடும். மழை பெய்தால் வாளி வைப்பார்கள். யார் மேலும் வழக்குப் போடவில்லை. எதை வைத்துப் போடுவது?

சரி, இதெல்லாம் அந்தந்த நாட்டு அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டியது, நமக்கு என்ன என்று கேட்கலாம். சாம்பியாவில் சட்டம் இருக்கிறது, சுற்றுச்சூழல் மேலாண்மை முகமை இருக்கிறது, சுரங்கங்களுக்கென்றே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியும் இருக்கிறது. ஆனால் எந்த நிலையில் நின்று அந்த நாடு ஒப்பந்தம் போடுகிறது என்பதையும் பாருங்கள். 1990-களின் கடைசியில், கடன் கழுத்தை நெரித்த காலத்தில், உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் அழுத்தியதால் அரசுச் சுரங்கங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அப்போது போட்ட மேம்பாட்டு ஒப்பந்தங்களில், எடுக்கிற கனிமத்துக்கு நிறுவனம் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை 0.6 சதவீதம் வரை இறங்கியது. பழைய மாசுக்குப் புது முதலாளி பொறுப்பில்லை என்ற சலுகையும் கிடைத்தது. வரி விதிகளை 15, 20 ஆண்டுகளுக்கு மாற்றக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். 2000-இல் கொங்கோலாவை வாங்கிய ஆங்கிலோ அமெரிக்கன், செம்பு விலை படுத்ததும் 2002-இல் கைகழுவிவிட்டுப் போனது. அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்ய 2008 வரை ஆனது. 2020 நவம்பரில் சாம்பியா மறுபடியும் கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. இப்போது செம்பு உற்பத்தியை ஆண்டுக்கு 30 லட்சம் டன்னாக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, முதலீட்டாளர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் இருக்கிறவரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். நாமும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள்தான்.

போன நூற்றாண்டின் கணக்கே இன்னும் தீரவில்லை. கப்வே நகரத்தில் பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய ஈயச் சுரங்கம் 1994-இல் மூடப்பட்டது. முப்பது ஆண்டுக்குப் பிறகும் அங்கே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. மண்ணில் விளையாடுகிற குழந்தைகள் அவர்கள். சுரங்கத்தோடு நீண்ட காலம் தொடர்பிருந்த நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கை 2023 டிசம்பரில் ஜொகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. சுரங்கத்தின் ஆயுள் நாற்பது, ஐம்பது ஆண்டு. கழிவின் ஆயுளுக்குக் கணக்கே இல்லை.

சுரங்கம் என்றால் பள்ளம் என்றுதான் வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். பள்ளத்தை விட ஆபத்து பக்கத்தில் இருக்கிற கழிவு அணையில்தான். நூறு கிலோ பாறையில் ஒன்றிரண்டு கிலோ செம்பு கிடைத்தாலே நல்ல தாது. மிச்சம் முழுவதையும் மாவாக அரைத்து, தண்ணீரும் ரசாயனமும் சேர்த்துச் சேறாக்கி, மண்கரை கட்டித் தேக்குகிறார்கள். அந்தச் சேற்றில் இருக்கும் கந்தகத் தாது காற்றும் மழையும் பட்டால் அமிலமாகும். அமிலம் பாறையில் மிச்சமிருக்கும் செம்பையும் கோபால்ட்டையும் மாங்கனீசையும் கரைத்துக்கொண்டு இறங்கும். சிலவகைத் தாதுக்களைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்தே செம்பு எடுக்கிறார்கள். சாம்பிஷியில் அந்த வகைதான். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை கொட்டுகிற மழையை அந்த மண்கரை ஒவ்வொரு வருடமும் தாங்க வேண்டும், சுரங்கம் மூடின பிறகும் தாங்க வேண்டும். அப்புறம் அந்தக் கரையை யார் பார்ப்பார்கள்? இதற்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை என்றால் வேறு எங்கேயும் பதில் இருக்காது.

சிங்கோலா மக்களுக்கு வேறொரு வாசல் திறந்தது. ஷிமுலாலா, ஹிப்போ பூல் போன்ற கிராமங்களைச் சேர்ந்த 1,826 பேர், தாய் நிறுவனமான வேதாந்தா பிரிட்டனில் பதிவாகியிருந்ததால் லண்டனில் வழக்குப் போட்டார்கள். துணை நிறுவனம் செய்ததற்குத் தாய் நிறுவனத்தை இங்கே இழுக்க முடியாது என்று நிறுவனம் நாலு வருடம் வாதாடியது. 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழக்கை அங்கேயே நடத்தலாம் என்றது. இவ்வளவு பெரிய வழக்கை நடத்த இந்த ஏழை மக்களுக்குச் சாம்பியாவில் பணமும் வழக்கறிஞர் பலமும் கிடைக்காது என்பது அதற்கு முக்கியக் காரணம். 2021 ஜனவரியில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. நைஜீரியாவின் எண்ணெய்ப் படுகை விவசாயிகள் போட்ட வழக்குக்கும் 2019-இன் அந்தத் தீர்ப்புத்தான் அடுத்த மாதம் துணை நின்றது.

நாளைக்கு நம் பொதுத்துறை நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று சாம்பியாவில் ஓர் ஆற்றைக் கெடுத்தால், அந்தக் கிராமத்துக்காரர் எங்கே போவார்? லண்டனில் நமக்கு அலுவலகம் இருக்காது. டெல்லிக்கு வர முடியுமா? வந்தால் அது தனி நிறுவனம், வெளிநாட்டு விவகாரம் என்று நீங்களே வாதாட மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்தக் கேள்விக்குத் தோண்டுவதற்கு முன்னால் பதில் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ரத்னகிரி மக்கள் வேண்டாம் என்று போராடியதால் 1990-களில் அங்கிருந்து நகர்ந்த செம்பு உருக்காலைதான் தூத்துக்குடிக்கு வந்தது. அதே வேதாந்தா குழுமம். 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு ஆலை மூடப்பட்டது. மூடியது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதுவரை சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, ஆலை மூடிய பிறகு இறக்குமதி செய்யும் நாடாக ஆனது. இப்போது செம்புக்காக ஆப்பிரிக்கா போகிறோம். ரத்னகிரி மறுத்தது தூத்துக்குடிக்கு வந்தது. தூத்துக்குடி உயிரைக் கொடுத்து மறுத்ததை, மறுக்கிற அளவுக்கு வசதியும் குரலும் இல்லாத ஓர் ஊருக்குக் கொண்டுபோய் இறக்கக் கூடாது. தூத்துக்குடித் தாய்மார்கள் எந்தக் காற்றை வேண்டாம் என்றார்களோ, அதே காற்றுத்தான் என் மாணவர்களின் தொண்டையிலும் கரகரத்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்கிறேன். முக்கியக் கனிமங்கள், அணுக் கனிமங்கள் எடுக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்தது. நீங்கள் சாம்பியாவில் தேடுகிற கோபால்ட் அந்த முக்கியக் கனிமப் பட்டியலில் இருக்கிறது. சொந்த நாட்டு மக்களிடமே கேட்கத் தேவையில்லை என்று ஆன பிறகு, வெளிநாட்டுக் கிராமத்தில் கேட்பீர்கள் என்று நான் எதை வைத்து நம்புவது?

வழிகாட்டுதல் வெளியிடுகிறோம், நிறுவனங்களுக்கு அறிவுரை சொல்கிறோம் என்று மட்டும் பதில் தந்துவிடாதீர்கள். வெளிநாட்டு முதலீட்டில் சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிச் சீன அரசு 2013-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. சாம்பிஷி அணை 2025-இல் உடைந்தது. மீறினால் பணம் போகும், பதவி போகும் என்று இல்லாத வழிகாட்டுதல் ஆற்றைக் காப்பாற்றாது.

என் கோரிக்கைகள் இவை.

எல்லாவற்றுக்கும் முதலில் அளவு. ஆய்வுக்கென்று உங்கள் புவியியலாளர்கள் பாறையை எடுத்துச் சோதிக்கிற இந்தக் காலத்திலேயே, அந்த 9,000 சதுர கிலோமீட்டரில் உள்ள ஒவ்வொரு ஆறு, ஓடை, ஊர்க் கிணறு, ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை. விளைநிலத்து மண்ணையும், மக்கள் சாப்பிடும் கீரையையும் மீனையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தால் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். இதை நிறுவனத்தின் ஆய்வகம் செய்யக் கூடாது. கிட்வேயிலேயே காப்பர்பெல்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, லுசாகாவில் சாம்பியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்களிடம் கொடுங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவுகளை அந்தப் பகுதி மக்கள் பேசும் மொழியிலேயே அச்சடித்து ஒவ்வொரு பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஊர்த் தலைவர் வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். 16,300 கோடியில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. நாளைக்கு ஒரு பள்ளி மாணவி ஓடைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தால், முன்னால் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அவள் கையில் பதில் இருக்க வேண்டும்.

அடுத்தது பொறுப்பு. துணை நிறுவனம் செய்யும் கேட்டுக்கு இந்தியத் தாய் நிறுவனமும் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் சாம்பிய நீதிமன்றத்துக்கும் போகலாம், இந்திய நீதிமன்றத்துக்கும் வரலாம், அந்த அதிகாரத்தை எதிர்த்து நிறுவனம் வாதாடாது என்று உறுதி தாருங்கள். பொதுப்பணம் வாங்குகிற எந்த நிறுவனத்துக்கும், அது அரசுடையதோ தனியாருடையதோ, இது நிபந்தனையாக இருக்க வேண்டும்.

முதல் பாறையை உடைப்பதற்கு முன்பே, சுரங்கத்தை மூடிச் சீர்செய்யவும் அணை உடைந்தால் நிவாரணம் கொடுக்கவும் போதுமான பிணைத்தொகையை, கம்பெனி திவாலானாலும் தொட முடியாத கணக்கில் கட்ட வேண்டும். லாபம் வந்த பிறகு கட்டுகிறோம் என்பதை ஏற்காதீர்கள். விலை விழுந்ததும் கைகழுவிப் போன கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

கழிவு அணைகளுக்கு, பிரேசிலின் புருமாடின்யோவில் 2019-இல் அணை உடைந்து 270 பேர் இறந்த பிறகு, 2020-இல் உலக அளவில் வகுத்த தரநிலையைக் கட்டாயமாக்குங்கள். ஆண்டுதோறும் வெளியார் வந்து அணையைச் சோதித்து அறிக்கையை வெளியிட வேண்டும்.

சாம்பியாவோடு போடுகிற ஒப்பந்தங்களை முழுதாக வெளியிடுங்கள். உரிமத்தொகை எவ்வளவு, வரிச் சலுகை என்ன, சுற்றுச்சூழல் சட்டம் பின்னால் கடுமையானால் நமக்குப் பொருந்தாது என்கிற மாதிரி ஏதாவது வரி இருக்கிறதா என்பதை இரண்டு நாட்டு மக்களும் படிக்க வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே நீக்குங்கள்.

அப்புறம், இங்கே விலக்கு இருக்கிறது என்பதை அங்கே காரணமாகக் காட்டாமல், நிலத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் கூட்டம் போட்டு, அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லி, வேண்டாம் என்று சொன்னால் அதைப் பதிவுசெய்து மதியுங்கள். அங்கே கீரை போடுவதும் தண்ணீர் சுமப்பதும் பெண்கள்தான். அவர்கள் இல்லாத கூட்டத்தைக் கூட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே கொடுத்த விலக்கையும் திரும்பப் பெறும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு நீங்கள் எழுத வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று மூன்று மாதத்துக்குள் பொதுவெளியில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஆய்வுக் கட்டத்தைத் தாண்டி எந்தச் சுரங்கக் குத்தகைக்கும் இந்தியா கையெழுத்துப் போடக் கூடாது.

இப்படிக்கு,
காப்பர்பெல்ட்டில் பணியாற்றிய ஒரு வேதியியல் ஆசிரியர்